எங்க கேஸை முடிச்சுப் போட்டாங்க

தறியை நிறுத்திட்டனுங்க. இப்பக் கேளுங்க அம்மிணி. என்ன கேட்டீங்க? நீங்க பேசறது தறி நின்ன பொறவும் என் காதுல விழ மாட்டேங்குது. நல்லாச் சத்தமாத்தான் கேளுங்களேன். உங்களை நானென்ன போலீஸ்லயா புடிச்சுக் குடுக்கப் போறேன்?

ஓ, அதுங்களா. சின்னச் சின்னக் கேஸை எல்லாம் சீக்கிரமா முடிக்கறதுக்குக் கோர்ட்டுல புதுசா ஏற்பாடு பண்ணிருக்காங்க, அதுல எங்க கேஸும் முடிஞ்சுதே, திருப்தியான்னு கேக்கறீங்க. சட்ட உதவி ஆபீஸ்ல இருந்து உங்களைத் தாட்டி விட்டாங்களா? இந்த வேகாத வெயில்ல? மோர் குடிக்கறீங்களா?

திருப்தியான்னா... எழுதிக்கறீங்களா? சரி, எழுதுங்க. நாசமாப் போச்சுன்னு எழுதுங்க.

ஐயோ, பயந்துக்காதீங்க அம்மிணி! அது பக்கத்து வூட்டுத் துளசிமணி. கத்தலைங்க, பேசறா. வந்திருக்கறது ஆருன்னு கேக்கறா. சித்தே இருங்க. "கோர்ட்டுப் பக்கமிருந்து வந்திருக்காங்கடீ! ஆமா, பொம்பளப்புள்ளதான்! இன்னும் கண்ணாலம் ஆகலை போலிருக்குது!" காதைப் பொத்திக்குங்க, இப்ப அவ பதில் சொல்லுவா.

இந்த ஊர்ல எல்லாரும் இப்படித்தானுங்க. வாத்தியார்காட்டுப்புதூர்ல தறி இல்லாத வூடு கிடையாது. பொழுது விடிஞ்சதுல இருந்து படபடன்னு ஓடிட்டே இருக்கும். அதுக்கு மேல சத்தம் போட்டாத்தான் அடுத்த ஆளுக்குக் கேக்கும். அதும் பத்தாதுன்னு கையையும் ஆட்டோணும். சோறு வேணுமான்னு கேக்கறதுக்கே நாங்க ரெண்டு கையையும் தூக்குவோம். எங்க ஊர்ல ரகசியம் பேசோணும்னா பஸ் ஏறி டவுனுக்குத்தான் போகோணும்.

கேஸு ஆரம்பிச்சதே அதுலதானுங்க. அன்னிக்கு நான் வாசல்ல பழைய சேலையை விரிச்சுக் கூழ் வடகம் காயப் போட்டிருந்தேன். துளசிமணியோட கோழி வந்து அது மேல நடை பழகீட்டுப் போயிருச்சு. நான் வெளிய வந்து, "ஏண்டி, உன்ற கோழி என்ற வடகத்துல கோலம் போட்டு வெச்சிருக்குது"ன்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லலை. அவ வாசலைக் கூட்டிட்டு இருந்தா. "கோழிக்கு அறிவிருந்தா அது ஏங்க்கா உன்ற வடகத்துல வாய் வெக்குது"ன்னு கேட்டா. அதுக்கு நான் சிரிச்சேனுங்க. நெசமாவே சிரிச்சேன். என் கையில கோழி தொரத்தற குச்சி, அவ கையில சீமாறு. ரெண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிப் பேசிட்டிருந்தோம்.

அந்நேரம் பார்த்து ஒரு போலீஸ் ஜீப்பு. புதுசா வந்த எஸ்.ஐ. நல்ல மனுசன்தான், ஆனா எங்கியோ கடலோரத்துல இருந்து மாத்தலாகி வந்தவரு. தறி ஊரையே பார்த்தது கிடையாதாமா. குதிச்சு இறங்கி எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கையை விரிச்சுட்டு நின்னாரு. நாங்க, "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா"ன்னு கேட்டோம். அதையும் திட்டறதாவே நெனச்சுக்கிட்டாரு போல. கேஸு எழுதிட்டாரு. பொது எடத்துல ரெண்டு பேரு சண்டை போட்டு ஊரு அமைதியைக் கெடுத்துட்டாங்கன்னு.

ஊரு அமைதியாமா! இருந்தாத்தானுங்க கெடுக்கறதுக்கு?

இந்தக் கேஸுல ஒரு விசேசம் என்னன்னா, வாதி பிரதிவாதின்னு எதிரெதிரே நிக்க வேண்டியது கிடையாது. சண்டை போட்டவங்க ரெண்டு பேருமே குத்தவாளி. ஒட்டுக்கா ஒரே கூண்டு. நான் ஏ-ஒன், துளசிமணி ஏ-டூ. அதுலதான் அவளுக்கு எரிச்சல். "கோழி என்னுது, மொதல்ல எதுத்துப் பேசுன வாயும் என்னுது. நீ எப்படிக்கா ஏ-ஒன் ஆவே?"ன்னு மூணு வருசமாக் கேட்டுட்டிருந்தா. வக்கீல்கிட்டயே போய், மாத்தித் தர முடியுமான்னு கேட்டுட்டா பாருங்க. அவரு பாவம், அப்படியெல்லாம் மாத்தறது வழக்கமில்லீங்கம்மான்னு சொல்லி அனுப்பிச்சாரு.

மொதல் வாய்தாவுக்கு எங்க வூட்டுக்காரரும் கூட வந்தாரு. ஃபைன் கட்டறதுக்குப் பணத்தை மடிச்சுச் சட்டைப் பாக்கெட்டுல வெச்சிருந்தாரு. ஒத்துக்கிட்டா ஃபைனைக் கட்டிப்போட்டு அன்னிக்கே வூட்டுக்குப் போயிரலாம், ஒத்துக்கலைன்னா இழுக்கும்னு வக்கீல் திருமூர்த்தி சொன்னாரு. நானும் ஒத்துக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா அன்னிக்கு ஜட்ஜய்யாவுக்கு இருமலு. எல்லாத்தையும் அடுத்த மாசத்துக்குத் தள்ளிப் போட்டுட்டாரு. டவாலி பேரைக் கூப்பிட்டாரு, ஆஜருன்னோம், போகச் சொல்லிட்டாங்க. மணி பத்தரை கூட ஆகலை. தறி நிக்குதுன்னு வூட்டுக்காரரு வண்டியை எடுத்துட்டுப் பறந்துட்டாரு. எங்க ரெண்டு பேருக்கும் ஊருக்கு பஸ்ஸு நாலு மணிக்குத்தான்.

அன்னிக்குத்தான் அம்மிணி, நியாயம்னா என்னன்னு நான் நல்லா யோசிச்சுப் பார்த்தேன்.

கடைவீதி முழுக்க நடந்து யோசிச்சோம். சேலைக் கடையில எடுத்து எடுத்துப் பார்த்து யோசிச்சோம். பேக்கரியில தேங்காய் பன்னு தின்னுட்டு யோசிச்சோம். நாலு மணிக்கு பஸ் ஏறும்போது எனக்குத் தெளிஞ்சுருச்சு. செய்யாத குத்தத்தை எப்படிங்க ஒத்துக்கறது? துளசிமணியும் அதையேதான் சொன்னா. "உசுரே போனாலும் ஒத்துக்கக் கூடாதுக்கா. அடுத்த மாசம் அந்தச் சிவப்புச் சேலையை வெலை கேக்கலாம்"னா.

அதுக்கப்புறம் மாசம் ஒரு செவ்வாக்கெழமை. வூட்டுக்காரரு ஒரு தடவை கேட்டாரு, "தறி எல்லாம் நிக்குது வசந்தாமணி, வக்கீல் மட்டும் போனாப் பத்தாதா?"

"பத்தாதுங்க. ஆளு வரலைன்னா வாரண்டு. ஜீப்பு நம்ம வாசல்லயே வந்து நிக்கும்."

"ஜீப்பா?"

"லத்தியோட."

அதோட சரி. அந்த மனுசன் கெட்டவரில்லீங்க. ஆனா என்ற தங்கச்சி மகளுக்குச் சீரு செய்யப் போறதுக்குக் கூட அரை நாள் விட்டதில்லை. காய் வாங்கச் சந்தைக்குப் போறேன்னா, நானே வண்டியில போயி வாங்கிட்டு வாரேம்பாரு. கோயிலுக்குன்னா, பக்கத்துலயே ரெண்டு கோயில் இருக்குதும்பாரு. கோர்ட்டுன்னா மட்டும் விடியறதுக்கு முன்னாலயே எந்திரிச்சு, அவரே வண்டியில ஏத்திட்டு வந்து பஸ் ஸ்டாப்புல விட்டுட்டு, "ஜாக்கிரதையாப் பேசு"ன்னு சொல்லிட்டுப் போவாரு. ஊரு சுத்தறதுக்குப் போறேன்னு நீங்க நெனைக்காதீங்க. நான் போனது நியாயத்துக்கு.

கோர்ட்டுக்குப் பொறத்தால ஒரு வேப்பமரம் இருக்குதுங்க. அதுக்கடியிலதான் சாப்பாடு. நான் புளிச்சோறு கட்டிட்டுப் போவேன், அவ தயிர்ச்சோறும் மாவடுவும். ஒரு நாள் திருமூர்த்தி வக்கீல் ஓடியாந்தாரு. "ஏனுங்கம்மா, சண்டை போட்டதா உங்க மேல கேஸு. இப்படி ஒரே தட்டுல தின்னுட்டிருந்தா, ஜட்ஜு ஜன்னல் வழியாப் பார்த்து, ராசியாப் போயிட்டாங்கன்னு சொல்லி இன்னிக்கே முடிச்சு விட்டுருவாரு"ன்னாரு. எங்களுக்குத் தூக்கி வாரிப் போட்டுருச்சு. அன்னியிலிருந்து முதுகுக்கு முதுகு காட்டித்தான் உக்காருவோம். தோளுக்கு மேல கையை நீட்டினா அவ மாவடு வெப்பா. நான் ஒரு உருண்டை புளிச்சோத்தைப் பின்னால நீட்டுவேன். பார்க்கறவங்க, அடேங்கப்பா என்ன வைராக்கியம்னு சொல்லிட்டுப் போவாங்க.

அந்தப் பழைய ஜட்ஜய்யா தங்கம்ங்க. சாட்சி சொல்ல வேண்டிய எஸ்.ஐ. மறுபடியும் கடலோரத்துக்கே மாத்தலாகிப் போயிட்டாரு. அவரு வந்தாத்தான் விசாரணை. அவருக்கு அங்க ஏதாச்சும் தேரு, இல்லைன்னா மந்திரி வருகை. வர மாட்டாரு. ஜட்ஜய்யா இருமிட்டே எங்களைப் பார்த்து, "அடுத்த மாசம் செவ்வாய் வெச்சுக்கலாமா?"ம்பாரு. என்னமோ நிச்சயதார்த்தத்துக்குத் தேதி கேக்கற மாதிரி அத்தனை மரியாதை. "வெச்சுக்கலாமுங்க"ம்பேன். பின்னாலயே துளசிமணி, "எனக்கும் தோதுதானுங்க"ம்பா.

இப்படி மூணு வருசம் நியாயம் நல்லாத்தான் நடந்துட்டிருந்துச்சு அம்மிணி. அப்புறந்தான் உங்க ஏற்பாடு வந்துச்சு.

இல்லீங்க, உங்களைக் குத்தம் சொல்லலை. மோரைக் குடிங்க.

அந்தச் செவ்வாக்கெழமை போனா, வாசல்லயே வித்தியாசம். வராண்டாவுல பெஞ்சி காலியாக் கெடக்குது. உள்ள போன ஆளு, மூக்கைச் சிந்தறதுக்குள்ள வெளிய வந்துட்டான். ஹெல்மெட் போடாதவன், ரோட்டுல மாட்டை அவுத்து விட்டவன், பஸ் ஸ்டாண்டுல சீட்டாடுனவன், எல்லாம் சரசரன்னு. பழைய ஜட்ஜய்யா மாத்தலாகி, அவரு எடத்துல ஒரு அம்மா வந்திருக்காங்களாமா. செவ்வாக்கெழமைன்னா சின்னக் கேஸு அத்தனையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால முடிக்கறதுன்னு கங்கணம் கட்டிட்டு உக்கார்ந்திருக்காங்க. ஒரு பெரியவரு படியில நின்னுட்டிருந்தாரு. வேலித் தகராறுல ஆறு வருசமா நடக்கறவரு, எங்களுக்குப் பழக்கம். "என்னங்கண்ணா ஆச்சு"ன்னேன். "முடிஞ்சுருச்சு அம்மிணி"ன்னாரு. ஆஸ்பத்திரி வாசல்ல சொல்ற மாதிரி சொன்னாரு.

துளசிமணி என் கையைப் புடிச்சுக்கிட்டா. "அக்கா, ஒத்துக்கலைன்னு சொன்னா வாய்தா குடுப்பாங்கதானே?"

"எஸ்.ஐ. வராம எப்படி விசாரிப்பாங்க? தைரியமா வா"ன்னேன்.

உள்ள போனோம். டவாலி ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாரு. முன்னெல்லாம் மூணு தடவை கூப்பிடுவாங்க, கேக்கறதுக்கே கம்பீரமா இருக்கும். அந்தம்மா நிமிர்ந்து பார்த்தாங்க. சின்ன வயசு. "குற்றத்தை ஒப்புக்கறீங்களா?"

"இல்லைங்கம்மா. நாங்க சண்டை போடலை. பேசிட்டிருந்தோம்."

"சரி, விசாரிச்சுரலாம். எஸ்.ஐ. லைன்ல இருக்காரா?"

செவுத்துல ஒரு டி.வி. இருந்துதுங்க. அதுல பொளிச்சுன்னு வெளிச்சம் வந்துச்சு. பார்த்தா, எஸ்.ஐ.! கடலோரத்துல உக்கார்ந்துட்டு இங்க எட்டிப் பார்க்கறாரு. கொஞ்சம் சதை போட்டிருந்தாரு. மூணு வருசமா வராம எவ்வளவு ஒத்தாசையா இருந்த மனுசன், இப்படி ஒரு பொட்டிக்குள்ள வந்து காலை வாருவாருன்னு நெனச்சே பார்க்கலை.

"ரெண்டு பேரும் பயங்கரமாக் கத்தினாங்க மேடம். கையில ஆயுதம் இருந்துச்சு"ன்னாரு.

"என்ன ஆயுதம்?"

"தொடப்பம், மேடம்."

"என்ன சொல்லிக் கத்தினாங்க?"

"கோழின்னு ஒரு வார்த்தை கேட்டுச்சு மேடம்."

கோர்ட்டுல எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அந்தம்மாவுக்கும் உதடு துடிக்குது. எங்க பக்கம் திரும்பி, "அது பேச்சுதான், சண்டை இல்லைன்னு சொல்றீங்க. எப்படிப் பேசினீங்க? இங்கயே பேசிக் காட்டுங்க பார்க்கலாம்"னாங்க.

எனக்கு மூளை மின்னல் மாதிரி வேலை செஞ்சுதுங்க. சத்தமாப் பேசினா, இதுதான் இவங்க பேச்சுன்னு விட்டுருவாங்க. சாந்தமாப் பேசினா, அப்ப அன்னிக்கு ஏன் கத்தினாங்கன்னு சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா வாய்தா வரும். நான் துளசிமணி காதுகிட்டப் போயி, ஆருக்கும் கேக்காம, "மெதுவாப் பேசுடி, வாய்தா வாங்கிரலாம்"னு சொன்னேன்.

மேசை மேல இருந்த கட்டுக் காகிதம் ஒண்ணு கீழ விழுந்துச்சு. ஜன்னல்ல உக்கார்ந்திருந்த புறா ரெண்டும் பறந்து போயிருச்சு. டி.வி.க்குள்ள எஸ்.ஐ. நாற்காலியோட பின்னால போனாரு. துளசிமணியும் ஆருக்கும் கேக்காமத்தான், "சரிங்க்கா, நீயே ஆரம்பி"ன்னா. வெளிய ரோட்டுல போன ஆட்டோக்காரன் நிறுத்திட்டு உள்ள எட்டிப் பார்த்தான்.

அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க. "நீங்க ரகசியம் பேசறதே இப்படின்னா, பேசறது எப்படி இருந்திருக்கும்னு எனக்குப் புரிஞ்சுருச்சு. ரெண்டு பேரும் குற்றவாளி இல்லை. வழக்கு முடிஞ்சுது."

"அம்மா, அவசரப்படாதீங்க"ன்னேன் நான். "நல்லா யோசிச்சுப் பார்த்தா, கொஞ்சம் சண்டையும் போட்டோமுங்க."

"நான் சீமாத்தை ஓங்கினேனுங்க!"ன்னா துளசிமணி.

"அவளை நம்பாதீங்கம்மா, மொதல்ல ஓங்கினது நானு. ஏ-ஒன் நான்தான்!"

"பார்த்தீங்களா, இதுலயும் முந்திக்கறா! இது சண்டைதானுங்களே?"

"அடுத்த கேஸ்"னாங்க அந்தம்மா.

அவ்வளவுதானுங்க. ஒத்துக்கிட்டிருந்தா ஃபைன் போட்டு முடிச்சிருப்பாங்க. ஒத்துக்கலை, விடுதலை பண்ணி முடிச்சுட்டாங்க. எந்தப் பக்கம் போனாலும் கதவைச் சாத்திப்போட்டாங்களே, அதைத்தான் என்னால பொறுத்துக்க முடியலை. வெளிய வந்தா மணி பதினொண்ணு. நாலு மணி வரைக்கும் பஸ் கிடையாது. ஆனா பேக்கரிக்குப் போக மனசு வரலை. விடுதலை ஆனவங்களுக்கு டவுன்ல என்னங்க சோலி? வேப்பமரத்தடியில போயி உக்கார்ந்தோம். முதுகைக் காட்டிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனா அப்படித்தான் உக்கார்ந்தோம்.

வூட்டுல ஒரே நோம்பிதான். வூட்டுக்காரரு தேங்காய் ஒடைச்சாரு, ஜிலேபி வாங்கிட்டு வந்தாரு. "இனிச் செவ்வாக்கெழமையும் தறி ஓடுமில்ல"ன்னாரு. அடுத்த வாரமே பழைய தறி ரெண்டு வாங்கிப் போட்டுட்டாரு. அதோ, அந்த மூலையில இருக்குது பாருங்க, அதுதான். துளசிமணி வூட்டுலயும் இதே கதை.

தெனமும் பார்த்துக்கறீங்கதானே, ஒரு சந்துதானே நடுவுலன்னு கேக்கறீங்களா? பார்த்துக்கறோமுங்க. கோழி, வடகம், தண்ணி வந்துருச்சா, தறி நாடா தேஞ்சுருச்சு, இதைப் பேசலாம். மத்ததை எப்படிங்க இந்தச் சத்தத்துல பேசறது? அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்கோணும்னு டாக்டரு சொன்னதை, புருசன்கிட்டச் சொல்றதுக்கு முன்னால என்கிட்டத்தான் சொன்னா. அந்த மரத்தடியில, முதுகைக் காட்டிட்டு. அதை இங்க நின்னு சொல்லியிருந்தா ஊரே வந்து விசாரிச்சிருக்கும்.

அதை விடுங்க. நான் என்ன சொல்ல வந்தேன்? ஆங், நியாயம்.

வாசல்ல செங்கல்லும் மணலும் கொட்டிக் கெடக்குதேன்னு வரும்போதே பார்த்திருப்பீங்க. செவுரு வெக்கறோமுங்க, எங்க ரெண்டு வூட்டுக்கும் நடுவுல. அந்தச் சந்துக்குப் பக்கத்துல அவ காலி எடம் இருக்குதில்லீங்க, அதுல வருது செவுரு. ஒரு முழம் நல்லாவே உள்ள போகுது. ஆமாங்க, அவ எடத்துலதான். ஆமா, வெக்கறது நாங்க. சாந்து கலக்கிட்டு இருக்கறது ஆருன்னு எட்டிப் பாருங்க. அவதான். கல்லு எடுத்துக் குடுக்கறதும் அவதான். வூட்டுக்காரங்க ரெண்டு பேருகிட்டயும் கோழி வராம இருக்கறதுக்குன்னு சொல்லி வெச்சிருக்கோம்.

திருமூர்த்தி வக்கீல்தான் வழி சொன்னாரு. சண்டைக் கேஸு எல்லாம் இனி நிக்காது, நெலம், செவுரு, வழித்தடம்னு சிவில்ல போடுங்க, எங்கப்பா எடுத்த கேஸை இப்ப நான் நடத்திட்டிருக்கேன்னாரு. கேக்கும்போதே வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. இந்தத் தடவை, "வாதி நான்தான், பிரதிவாதி நீதான்"னு ஒத்தக் கால்ல நிக்கறா அவ. மூணு வருசம் ஏ-டூவா இருந்தவ, போகட்டும்னு விட்டுக் குடுத்துட்டேன்.

என்னங்க?

என்ன சொன்னீங்க? சத்தமாச் சொல்லுங்க. அடுத்த மாசத்துல இருந்து சிவில்லயுமா? சின்ன அளவு எடத்தகராறு, சின்னத் தொகை, அதெல்லாம் ஒரே நாள்ல உக்கார வெச்சுப் பேசி முடிச்சு விட்டுருவீங்களா? ஒரு முழம் எல்லாம் சின்னதுலதான் வருமா? அப்ப பெருசுன்னா? அது பழைய மாதிரியே நடக்குமா? நிச்சயமா? நீங்க சொன்னா சரிதான்.

அம்மிணி, மொதல்ல எழுதுனதை அடிச்சுருங்க. மிக்க திருப்தின்னு எழுதிக்குங்க. எங்க கையெழுத்துப் போடோணும்? குடுங்க. அப்படியே ஒரு நிமிசம் காதைப் பொத்திக்குங்க.

"துளசீ! வெச்ச கல்லை எல்லாம் எடுடீ! எடுத்துட்டு இன்னும் உள்ள தள்ளி வையி! ஆமா, உன்ற பக்கந்தான்! முழத்துக்கு எல்லாம் கேஸு நிக்காதாமா! சின்னதா இருந்தா அன்னிக்கே முடிச்சுப் போடுவாங்களாமா! முருங்கை மரத்தைத் தாண்டி வையிடீ!"

அவ என்ன சொல்றான்னு கேட்டுதுங்களா? அப்படீன்னா எங்க பாத்ரூமையும் உன்ற பக்கம் சேர்த்துக்கோக்காங்கறா.